ராணி பொட்டிக்கு ஒரு விருது

மின் பொறியாளர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. அந்த நடக்காத சமாச்சாரத்துக்குக் கைதட்டல் வாங்கித் தருவதுதான் என் வேலை.

பகலில் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்புப் பார்க்கிறேன். சோறு போடுவது அது. சோறு போடாத வேலை ஒன்றும் உண்டு. எங்கள் வட்டாரத்து எலெக்ட்ரிகல், எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளர் சங்கத்தில் நான் விருதுக் குழுச் செயலாளர். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் தேடி, தொழில்நுட்பத்தில் உருப்படியாக எதையாவது செய்த ஒருவரைப் பிடித்து, வருஷா வருஷம் மேடை ஏற்ற வேண்டும். சங்கம், குழு, விழா என்று எதிலாவது ஒரு தடவை மாட்டிக்கொண்டவர்கள் இந்த இடத்திலேயே பெருமூச்சு விடுவீர்கள். விடுங்கள், நானும் கூடவே விடுகிறேன்.

கையெழுத்துப் போட்டவர்

விருதுக்கு ஆள் தேவை என்று அறிவித்ததும் முதலில் வருபவர்கள் பெரும்பாலும் பெரிய நாற்காலியில் இருப்பவர்கள். போன வருஷம் ஒரு தொழிற்சாலையின் பொது மேலாளர் நேரிலேயே வந்துவிட்டார். கன்வேயர் மோட்டார்களின் வேகத்தைத் தேவைக்கேற்பக் குறைத்துக் கூட்டும் ஏற்பாடு ஒன்றை அவர் தொழிற்சாலையில் செய்திருந்தார்கள். நல்ல வேலை. படமெல்லாம் போட்டு அழகாக விளக்கினார். நான் கேட்கக் கேட்க, சர்க்யூட்டை வரைந்தது ஒரு பெண், புரோகிராம் எழுதியது ஒரு பையன், ராத்திரி பகலாக ஓட்டிப் பார்த்தது ஷிஃப்ட் பொறியாளர்கள் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

"அப்போ இதில் உங்கள் பங்கு என்ன சார்?" என்று தன்மையாகத்தான் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் அப்ரூவ் பண்ணி கையெழுத்துப் போடலேன்னா இதெல்லாம் வந்திருக்குமா மேடம்?"

பக்கத்து வீட்டு மிக்ஸி

அந்த வருஷ விருதை பாஸ்கரன் என்ற பொறியாளருக்குக் கொடுத்தோம். ஒரு லைனில் கோளாறு வந்தால் மொத்தத் தொழிற்பேட்டையும் இருளில் மூழ்காமல், கெட்ட பகுதியை மட்டும் கழற்றிவிடும் பாதுகாப்பு முறையை எண்ணூர்ப் பக்கம் வடிவமைத்தவர். ஏசி ஹால், பூங்கொத்து, ஷீல்டு. கைதட்டியவர்கள் எல்லோரும் எங்கள் சங்கத்து ஆட்கள்தான். அவர் வேலையால் பிழைத்த ஒரு ஆள்கூட அந்த ஹாலில் இல்லை.

பாஸ்கரன் ஷீல்டோடு தண்டையார்பேட்டையில் தன் வீட்டு மாடிப்படி ஏறும்போது பக்கத்து வீட்டு அம்மா கதவைத் திறந்திருக்கிறார். விருது வாங்கி வருகிறேன் என்று இவர் பூரிப்போடு சொல்ல, அந்த அம்மா ஷீல்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "கரண்ட்டு இஞ்சினீருக்கா இத்த குட்த்தாங்க? நல்லதாப் போச்சு, எங்கூட்டு மிக்ஸி சுத்த மாட்டேங்குது, கொஞ்சம் பாத்துட்டுப் போ நைனா!"

கை வைத்துச் சாய்ந்தவர்

இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த விருதை, அந்த வேலையால் உயிரோடு இருப்பவர்கள் கண்ணெதிரில்தான் கொடுப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். யாருக்கு என்பதுதான் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காசிமேட்டில் மீன் வாங்கப் போனேன். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. துறைமுகத்தில் வரிசையாக ஐஸ் உடைக்கும் மெஷின்கள். பாறை பாறையாக ஐஸைப் போட்டால் தூளாகக் கொட்டும். கீழே கணுக்கால் வரை உப்புத் தண்ணீர், அதில் வெறுங்காலோடு ஆட்கள். முதல் மெஷினில் இருந்தவர், இரும்பைத் தொடுவதற்கு முன் புறங்கையால் தட்டிப் பார்த்து, வெடுக்கென்று கையை உதறிக்கொண்டார். கரண்ட் கசிகிறதா என்று பார்க்கிறார். அடுத்த மெஷினில் இருந்தவரோ அதன் மேலேயே முழங்கையை ஊன்றிச் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஏழுமலை என்று பெயர் சொன்னார். பயமில்லையா என்று கேட்டேன். மோட்டாருக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் காட்டினார்.

"அதாம்மா ராணி பொட்டி. மோட்டாரு ஈரமா கீதுன்னா செவப்பு லைட்டு போட்டுகினு ஸ்டார்ட்டே ஆவாது. அதுவா காய வச்சு, பச்ச லைட்டு போட்டாத்தான் ஓடும். அந்தாண்ட மெஷின்ல வேல செய்றவன் பொண்டாட்டி டெய்லி கும்புட்டு அனுப்புது, என் பொண்டாட்டி டிபன் மட்டும் கட்டி அனுப்புது!"

பேஜார்

ராணி என்பது செல்வராணி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்து எலெக்ட்ரிகல் படித்தவள். கன்டெய்னர் யார்டில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, தண்டையார்பேட்டையில் ஒரு குடோனின் முன்பகுதியில் மின் பலகைகள் செய்யும் பட்டறை வைத்திருந்தாள். நான் போனபோது இரண்டு கையிலும் வயரோடு நின்றாள். விருதுக் குழு என்றதும் உட்காரச் சொல்லக்கூட இல்லை. கேள்விகள் கேட்கக் கேட்கத்தான் முகம் மாறியது. வயரைக் கீழே வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

அந்த மெஷின்களுக்கு முதலில் டிரிப்பர் மாட்டியதும் அவள்தான். கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டும் ஸ்விட்ச் அது. கடற்காற்றில் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், ஈரம் குடித்துக் குடித்து, டிரிப்பர் ஓயாமல் விழுந்தது. ஐஸ் உருகியது, மீன் கெட்டது. ஒரு ஓனர் பொறுமை இழந்து, டிரிப்பரைத் தாண்டி ஒரு வயரை நேராகக் கொடுத்துவிட்டார். அந்த மழைக்காலத்தில் அந்த மெஷினில் கை வைத்த தனசேகர் என்பவர் அங்கேயே உயிரை விட்டார். ராணி குடும்பத்துக்குத் தெரிந்தவர். அவர் மகளும் ராணியின் தங்கையும் ஒன்றாகப் படிக்கிறார்கள்.

"ஓனரைத் திட்டித் தீத்தேன் மேடம். வூட்டுக்கு வந்து யோசிச்சா, நான் மாட்டுனது காப்பாத்துற பொருள்தான், ஆனா அவருக்கு அது தினம் பேஜாரு. பேஜாரு குடுத்தா எவனா இருந்தாலும் கயட்டித்தான் போடுவான். கரண்ட்டு வுடறதுக்கு முன்னாடியே ஈரத்தைப் பாத்து, அதுவே காய வச்சுக்கினா?" அப்படி ஆரம்பித்த வேலை. மோட்டார் ஓடாத நேரத்தில் காயிலுக்குள் கொஞ்சமாக மின்சாரம் விட்டு இளஞ்சூட்டில் ஈரத்தை ஓட்டுகிறது அந்தப் பெட்டி. டிரிப்பர் இப்போது தேவையில்லாமல் விழுவதே இல்லை. விழாததால் யாரும் அதைக் கழற்றவும் இல்லை. ஆனாலும் துறைமுகத்தில் ஒரு சில மெஷின்களில்தான் அது இருந்தது. மற்ற ஓனர்கள், பெரிய கம்பெனி பெயர் இல்லாத பெட்டியை நம்பவில்லை. விருது தருகிறோம் என்று நான் சொன்னதும் அவளுக்குக் கோபம்தான் வந்தது: "ஓட்டல்ல எனக்குப் பொன்னாடை போத்துனா காசிமேட்டுல எவனுக்கு ஷாக்கு அடிக்காம நிக்கும்? குடுக்கறதுன்னா அங்க வந்து குடுங்க, அந்த ஓனருங்க மூஞ்சிக்கு நேரா!"

தப்புக் கண்டுபிடித்தவர்

குழுவின் தலைவர் சதாசிவம் ஐயா, ஓய்வு பெற்ற தலைமைப் பொறியாளர். பேடன்ட் இல்லை, ஆய்வுக் கட்டுரை இல்லை, இதை எப்படி ஏற்பது என்றார். நான் விடவில்லை. காகிதத்தைப் பார்க்காதீர்கள், மெஷினை வந்து பாருங்கள் என்று இரண்டு கூட்டத்தில் சண்டை போட்டேன். மூன்றாம் முறை அவரே மெக்கரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். காயிலில் கசிவு எவ்வளவு என்று அளக்கும் கருவி அது.

வேட்டியை மடித்துக் கட்டி அந்தத் தண்ணீரில் இறங்கினார். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, மோட்டாரின் வயர் சேரும் மூடியைத் திறந்து ஒரு மக் கடல் தண்ணீரை உள்ளே ஊற்றச் சொன்னார். மூடிவிட்டு சப்ளையைக் கொடுத்தால் சிவப்பு விளக்கு. காய வைத்தால் பச்சை. மறுபடி ஊற்று, மறுபடி சிவப்பு. மெக்கர் ஒவ்வொரு தடவையும் பெட்டி சொன்னதையே சொன்னது. ஏழுமலை ஆட்களைக் கூட்டிவிட்டார். பிறகு பெரியவர் ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, கசிவைப் பார்க்கிற இந்த வயரே அறுந்துபோனால்? கசிவே இல்லை என்றுதானே உன் பெட்டி நினைக்கும்? பச்சை போட்டுவிடுமே?"

ராணி வாதாடினாள். வயரைக் குழாய்க்குள் விட்டிருக்கிறேன், அறாது என்றாள். அறுந்தால் என்று அவர் திரும்பக் கேட்டார். அந்த வாரம் பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு வேலை செய்தாள். மோட்டார்ப் பக்கத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சேர்த்தாள். அதன் வழியே எப்போதும் துளிக் கசிவு தெரிந்துகொண்டே இருக்கும். அதுவும் தெரியவில்லை என்றால் வயர் அறுந்ததாக அர்த்தம், மெஷின் கிளம்பாது. காசிமேட்டில் இருந்த எல்லாப் பெட்டியையும் மாற்றிவிட்டுப் பெரியவரை மறுபடி அழைத்தாள். அவர் தன் கையாலேயே வயரைக் கட் பண்ணினார். சிவப்பு விளக்கு. விருதுக்கு அவர் அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார். ராணி அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "இத்தினி நாளா பாத்தவங்க எல்லாரும் சூப்பர்னுட்டுப் போனாங்க சார். உள்ள இன்னா கீதுன்னு பாத்து என்னாண்ட கேள்வி கேட்ட மொத ஆளு நீங்கதான்."

நாத்தம்

ஆள் முடிவானதும் இடத் தகராறு. சங்கத்தின் துணைத் தலைவர், சிறப்பு விருந்தினர் பெரிய மனிதர், மீன் நாற்றத்தில் எப்படி உட்கார வைப்பது என்று குதித்தார். ஹோட்டல் ஹால் என்றால் செயலாளர் பதவிக்கு வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதவிக்கு வேறு ஆள் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அதுதான் என் பலம்.

ஏலக்கூடத்தில் இடம் கேட்கப் போனேன். அங்கே மீன் விற்கும் பெண்களுக்கெல்லாம் பெரியவர் மேரியக்கா. காலை ஏலம் முடிந்து தரையைக் கழுவியபின் சாயங்காலம் வரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். துணைத் தலைவரின் கவலையையும் மறைக்காமல் சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "நாத்தம் புடிக்காதவரு மூக்கப் பொத்திகினு வரட்டும், எங்காளுங்க உசுரக் கையில புடிச்சிகினுதான் தினம் வர்றாங்கோ!"

பச்சைப் பொத்தான்

விழா அன்று காலையிலேயே மழை. மதியம் ஏலக்கூடம் நிறைந்துவிட்டது. எங்கள் பொறியாளர்கள் ஒரு பக்கம், ஐஸ் மெஷின் ஆட்கள், மீன்காரப் பெண்கள், ஓனர்கள் மறுபக்கம். தனசேகரின் மனைவியும் மகளும் முன்வரிசையில். கூடத்தை ஒட்டி, ராணி பொட்டி மாட்டிய ஒரு ஐஸ் மெஷின். சிறப்பு விருந்தினர் பச்சைப் பொத்தானை அழுத்தி அதை ஓட்டி வைப்பார், பிறகு விருது என்று ஏற்பாடு. அவர் அழுத்தினார். மெஷின் கிளம்பவில்லை. சிவப்பு விளக்கு. மழையில் மோட்டார் ஈரம் குடித்திருக்கிறது.

துணைத் தலைவர் வியர்த்துப்போய் என் காதருகே வந்தார். "மேடம், பெட்டியைத் தாண்டி ஒரு வயர் கொடுக்கச் சொல்லுங்களேன், ஒரு நிமிஷம் ஓடினால் போதும், போட்டோ எடுத்துடலாம்." பக்கத்தில் நின்ற ராணி கேட்டுவிட்டாள். நேராகப் போய் மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டாள். நானும் போய் அவள் பக்கத்தில் நின்றேன். சதாசிவம் ஐயா மைக்கை வாங்கினார். அந்தச் சிவப்பு விளக்கு என்ன சொல்கிறது, உள்ளே இப்போது என்ன நடக்கிறது, தனசேகர் கை வைத்த அன்றைக்கு இது இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொன்னார். சிறப்பு விருந்தினர், நல்ல மனிதர், கவிழ்த்துப் போட்ட மீன் கிரேட் ஒன்றின் மேல் உட்கார்ந்து அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் போயிருக்கும். பச்சை எரிந்தது. எழுந்து அழுத்தினார். மெஷின் உறுமி, ஐஸ் தூளாகக் கொட்டியது. தனசேகரின் மகள் ஓடி வந்து ராணியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அதுவரை விறைப்பாக நின்ற ராணி அப்போதுதான் அழுதாள்.

கைதட்டல் அடங்கியதும், பின்னால் நின்ற ஓனர்களைப் பார்த்து ஏழுமலை கத்தினார்: "பாத்துகினியா மொதலாளி? அவ்ளோ பெரிய மன்சனையே ஒக்கார வச்சிட்ச்சு, எங்களயா சாவ வுட்டுறும்? நாளைக்கே ஆளுக்கொண்ணு மாட்டு!"

பொறியாளரைப் பாராட்டுவது ஒன்றும் கஷ்டமில்லை, அவர் வேலை நடக்கும் இடத்துக்கு ஒரு தடவை போய் நின்றால் போதும், அங்கே கூட்டிப் போக ஆள் பிடிப்பதற்குள்தான் ஒரு வருஷம் ஓடிவிடுகிறது.