நசுங்காத எலுமிச்சம்பழம்

என் மகன் ஸ்டீரிங்கைத் திருப்பினான். வண்டி திரும்பவில்லை.

தேனாம்பேட்டை சிக்னலைத் தாண்டி இடதுபக்கம் ஒதுங்க வேண்டிய இடம். பக்கத்தில் ஸ்கூட்டரில் ஒரு பெண், அவளுக்கு முன்னால் பள்ளிச் சீருடையில் ஒரு குழந்தை. சரவணன் இன்னும் கொஞ்சம் திருப்பினான். இப்போது வண்டி சட்டென்று தேவைக்கு மேல் திரும்பியது. ஸ்கூட்டரின் கண்ணாடி எங்கள் வண்டியின் பக்கத்தை உரசிக்கொண்டு போனது. அவர்கள் விழவில்லை. அந்தப் பெண் நிறுத்தி, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சென்ற சித்திரைக் கடைசியில் நடந்தது இது. முருகனை நம்புகிற உங்களிடம் இதைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். மந்தைவெளியில் மகன் வீட்டில் இருக்கிறேன். எதையும் எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். படி ஏறினால் படியை எண்ணுவேன். பந்தியில் உட்கார்ந்தால் இலையை எண்ணுவேன். கவலைப்படுவதும் பழக்கம்தான். மகனும் மருமகள் மாலதியும் கல்யாணங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறார்கள். பாத்திரங்களும் சாப்பாடும் எங்கள் பிக்கப் வண்டியில்தான் போகும். சரவணன் ஓட்டுவான். மாலதி பக்கத்தில் உட்காருவாள். பின்னால் கொதிக்கிற சாம்பார் அண்டா.

அந்த வண்டியில் பவர் ஸ்டீரிங் பாக்ஸ் தேய்ந்துபோயிருந்தது. டிரைவர் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற இரும்புப் பெட்டி அது. உள்ளே பற்கள் தேய்ந்தால் கை ஒரு பக்கம் போகும், சக்கரம் யோசித்துவிட்டுப் பின்னால் வரும். சரவணனுக்கு இது தெரியும். எங்கள் மெக்கானிக் பஷீர் பாய்க்கும் தெரியும். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ராயப்பேட்டையில் இருப்பது. பாக்ஸை மாற்றத்தான் வேண்டும் என்று அவர் சொல்லியும் விட்டார்.

"மாத்தலாம் பாய், ஆடி வரட்டும்" என்றான் சரவணன். "ஆடியில எவன் கல்யாணம் பண்றான்? வண்டி சும்மாதான் நிக்கும். இப்ப முகூர்த்த சீசன். ரெண்டு நாளு நிறுத்துனா நான் அண்டாவ தலையில தூக்கிக்கினு போவணும்."

எங்கள் தொழிலில் எல்லாருமே இப்படித்தான். பல் பிடுங்குவதும் ஆடியில், சுவருக்கு வெள்ளையடிப்பதும் ஆடியில், வண்டி வேலையும் ஆடியில். கல்யாணம் இல்லாத மாதத்துக்கென்று எல்லாவற்றையும் தள்ளிவைப்போம். வண்டிக்குப் பஞ்சாங்கம் தெரியாது என்பது யாருக்கும் தோன்றவில்லை. பஷீர் பாயும் அதற்கு இணங்கிவிட்டார். பாக்ஸின் மேல் ஒரு திருகு உண்டு. அதை இறுக்கினால் ஆட்டம் குறைந்த மாதிரி இருக்கும். அதை இறுக்கிக் கொடுத்தார். தேனாம்பேட்டையில் நடந்தது அதற்குப் பிறகுதான்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. வண்டி தெருமுனை திரும்பியதும் மனத்தில் கூடவே ஓடுவேன். இந்நேரம் ஆழ்வார்பேட்டை. இந்நேரம் தி. நகர். இந்நேரம் கோடம்பாக்கம் பாலம். பாலத்தின் இறக்கத்தில் என் கணக்கு நின்றுவிடும். கீழே எத்தனை பேர் நடந்து போவார்கள், எத்தனை ஸ்கூட்டர், எத்தனை குழந்தைகள். மாலதி போன் செய்து "வந்துட்டோம் மாமா" என்று சொல்லும்வரை தொண்டையில் தண்ணீர்கூட இறங்காது. மகனிடம் சொன்னால் சண்டை வருகிறது. சொல்லாவிட்டால் தூக்கம் வருவதில்லை. படித்தவன், வயதானவன், பெற்றவன் என்று எல்லாம் இருந்தும் ஒரு வண்டியை என்னால் நிறுத்த முடியவில்லை.

வைகாசி பிறந்தபின் வந்த செவ்வாய்க்கிழமை வடபழனிக்குப் போனேன். வழக்கமாக நான் சந்நிதியில் வரிசைப்படி கேட்பவன். மகன், மருமகள், வெளியூரில் இருக்கும் மகள், பேத்தியின் படிப்பு, என் முழங்கால். அன்றைக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. கூட்டம் பின்னாலிருந்து தள்ளிற்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டேன். "முருகா, அந்த வண்டி கெடத்தான் போகிறது. கெடுவதானால் நிற்கும்போது கெடட்டும். ஓடும்போது வேண்டாம்."

அவ்வளவுதான். நகர்ந்து போகச் சொன்னார்கள். நகர்ந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து சரவணன் மறுபடியும் வண்டியைப் பஷீர் பாயிடம் கொண்டுபோய்த் திருகை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு வந்தான். மறுநாள் வெள்ளிக்கிழமை. வடபழனியில் ஒரு கல்யாணம், மத்தியானச் சாப்பாடு. மெக்கானிக்கிடம் வேலைக்குப் போய்வந்த வண்டியை நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வேலை என்னுடையது. காலையில் பழங்களை முருகன் படத்தின் முன் வைத்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வண்டி நிறைய ஏற்றியாயிற்று. குனிந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் நட்டநடுவில், டயரைத் தொட்டாற்போல் ஒரு பழம் வைத்தேன். கற்பூரம் காட்டினேன்.

"வச்சாச்சா? எடுக்கலாமா?" என்றான் சரவணன்.

"எடு."

ஸ்டார்ட் செய்தான். வண்டி முன்னால் நகர்ந்தது. நான் எண்ணினேன். பின்னால் இரண்டும் நசுங்கியிருந்தன. முன்னால் வலதுபக்கம் நசுங்கியிருந்தது. இடதுபக்கப் பழம் நசுங்கவில்லை. சக்கரத்துக்கு உள்பக்கமாக உருண்டு, முழுசாகத் தெருவில் கிடந்தது.

நான் போய் வண்டியின் முன் நின்றுகொண்டேன்.

"யப்பா, இன்னா பண்ற? நவுறு."

"ஒண்ணு நசுங்கலடா."

"மூணு நசுங்கிச்சில்ல. பாஸ் மார்க்குதானே?"

"நாலு வச்சேன். நாலும் நசுங்கணும்."

எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். சரவணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அங்க மாப்ள வீட்டுக்காரங்க எலயப் போட்டுக்கினு ஒக்காந்திருப்பாங்க. எங்கப்பா ஒரு எலுமிச்சம்பழத்துக்கு வண்டிய மறிச்சாருன்னு போய்ச் சொல்லவா?"

மாலதி வண்டியிலிருந்து இறங்கினாள். அவளுக்கும் கோபம்தான். ஆனால் என்னோடு வாதாடுவதைவிடப் பழம் வைப்பது சீக்கிரம் முடிகிற வேலை என்று அவளுக்குத் தெரியும். "பின்னாடி எடுங்க. இன்னொண்ணு வச்சிடறேன். மாமா மனசு திருப்தியா போகட்டும்" என்றாள். சாப்பாட்டுக்காக வைத்திருந்த கூடையிலிருந்து ஒரு பழம் எடுத்தாள். வண்டி பின்னால் வந்து, சக்கரம் நேராக நின்றது. சரவணன் வெறுப்பில் இன்ஜினை அணைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாலதி பழத்தை வைத்துவிட்டு அங்கேயே குனிந்தபடி, "ம், ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள்.

சாவியைத் திருப்பினான். இன்ஜின் உறுமியது.

மாலதி நிமிரவில்லை. "ஏங்க, எதுக்கு இப்ப லெஃப்ட்ல ஒடிக்கிறீங்க?"

"நான் எங்க ஒடிச்சேன்?"

"வீலு திரும்புதுங்க."

"நான் ஸ்டீரிங்கையே தொடல மாலதி."

கதவு திறந்திருந்தது. நானும் பார்த்தேன். அவன் இரண்டு கையும் மடியில் இருந்தன. ஸ்டீரிங் தானாக இடதுபக்கம் சாய்ந்து நின்றிருந்தது. சரவணன் அதை ஒரு பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு, மெதுவாக இன்ஜினை அணைத்தான். பிறகு இறங்கி, என்னருகில் வந்து நின்றான். என் மகனுக்கு நாற்பது வயது. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தெருவுல இப்படி இழுத்திருந்தா?" என்றான்.

எனக்குக் கோடம்பாக்கம் பாலம்தான் தெரிந்தது.

ஸ்டாண்டிலிருந்து வேறொரு வண்டியைக் கூப்பிட்டு, அண்டாக்களை மாற்றி ஏற்றினார்கள். முதல் பந்தி தாமதமாகத்தான் உட்கார்ந்தது. பெண்ணின் தாய்மாமன் எல்லார் முன்னாலும் மாலதியைக் கடிந்து பேசியிருக்கிறார். இதை நான் மறைக்கவில்லை. கடவுள் காப்பாற்றினால் எல்லாம் சுமுகமாக நடக்கும் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். காப்பாற்றப்பட்ட அன்றைக்கும் நாங்கள் திட்டு வாங்கினோம்.

மறுநாள் பஷீர் பாய் வீட்டுக்கே வந்தார். ஸ்டார்ட் செய்து பார்த்தார். இரண்டு தடவை பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"உள்ள வால்வு போயிருக்குது சார். ஆயில் ப்ரஷர் ஒரே சைடா தள்ளுது. அதான் தானா திரும்புது. ஆட்டம் மட்டும்தான்னு நெனச்சி நான் ஸ்க்ரூவ டைட் பண்ணிக்கினே கீறேன். முந்தாநேத்து வரிக்கும் இது இல்ல சார், சத்தியமா இல்ல."

"ஆடிக்கு மாத்திக்கலாமா பாய்?" என்று கேட்டேன்.

"வாத்யாரே, குத்தாத" என்றார்.

சரவணன் சிரித்துவிட்டான். அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

வாசலிலேயே வேலை நடந்தது. பழைய பாக்ஸைக் கழற்றி, பைப்பில் இருந்த கறுத்த ஆயிலை முழுக்க வெளியேற்றினார்கள். பழைய ஆயிலில் இருக்கிற இரும்புத்தூள் புது பாக்ஸையும் தின்றுவிடுமாம். புதியதைப் பூட்டுவதற்குமுன் அதன் நடுவைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திரும்பி வந்தால் அதுதான் நேர். நடு தவறினால் வண்டி ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். பஷீர் பாய் கையால் சுற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"சார், நீ எண்ணு. எனக்குப் பேச்சுல தப்பிப்போவும்."

எண்ணினேன். பாதியையும் சொன்னேன். என் எண்ணிக்கையில் அந்த வண்டியின் சக்கரங்கள் நேராக நின்றன. இந்த வயதில் ஒருவர் என்னை எண்ணச் சொல்லிக் கேட்டார் என்பது சின்ன விஷயம்தான். அதையும் நான் முருகன் கொடுத்ததாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கிளம்பும்போது பஷீர் பாய், "இனிமே ஷெட்ல ஒரு டஜன் எலுமிச்சம்பழம் வாங்கி வச்சிக்கிறேன். டெஸ்டிங்குக்கு" என்றார்.

எதிர்வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னார், முதல் பழத்தை நான் சரியாக வைத்திருக்க மாட்டேன், கை நடுங்குகிறவன்தானே, அதனால் உருண்டிருக்கும் என்று. இருக்கலாம். நானும் பலநாள் யோசித்தேன். நான் சரியாக வைத்திருந்தால், வால்வு அதைத் தள்ளியது. நான் தப்பாக வைத்திருந்தால், என் கை நடுக்கம் அதைத் தள்ளியது. எப்படியானாலும் மாலதி குனிந்து பார்த்தாள். எப்படியானாலும் வண்டி நின்றுகொண்டிருந்தது. நான் கேட்டது அது ஒன்றுதானே.

அதற்குமுன் நான் வேண்டிக்கொண்டதெல்லாம் மனு கொடுப்பது மாதிரி. கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கவலைப்படுவேன். கவலையில் கண் ஒன்றையும் பார்க்காது. இப்போது குறைவாகக் கேட்கிறேன். கேட்டபின் சுற்றிலும் பார்க்கிறேன். பதில் கர்ப்பக்கிருகத்திலிருந்து மணியோசையோடு வரும் என்று காத்திருந்தால், காலடியில் உருண்டு வருவதை மிதித்துவிட்டுப் போய்விடுவோம். உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று ஆடிக்கென்று தள்ளிவைக்கப்பட்டிருக்கும். யாரோ ஒருவர் அதை எண்ணிச் சத்தமில்லாமல் பயந்துகொண்டிருப்பார். முருகனிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அந்த ஒருவர் வழிமறித்தால் ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள்.

உருண்டு வந்த அந்த முதல் பழம் முருகன் படத்துக்குக் கீழே, காய்ந்து கல்லாக, இன்னும் இருக்கிறது.

புது பாக்ஸ் போட்டு வண்டி எடுத்த அன்றும் பழம் வைத்தேன். சரவணன் ஸ்டார்ட் செய்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, சக்கரம் அசைகிறதா என்று காத்திருந்தான். அசையவில்லை. மெதுவாக ஓட்டிச் சற்றுத் தள்ளி நிறுத்தினான். போகவில்லை. ஜன்னலில் தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தான்.

"யப்பா, எண்ணிட்டியா?"

"நாலு."

"போவட்டுமா?"

"போய்ட்டு வா" என்றேன். வண்டி தெருமுனையில் சரியாகத் திரும்பிப் போனது. நான் உள்ளே வந்து காப்பி குடித்தேன்.