அலமாரிக்குப் பின்னால் இருந்த குளவிக் கூடு

வீடு மாறும் நாளுக்காக நான் எழுதிய பட்டியலில் பத்தொன்பதாவது வரி: "அலமாரி, குளவிக் கூடு, உடையக் கூடாது."

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக் கடைவீட்டு மாடியிலிருந்து புக்கிட் மேராவின் புது அடுக்குமாடிக்குப் போகிறோம். அண்ணிக்கு எட்டாம் மாதம். முன்பு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. கர்ப்பிணியை வைத்துக்கொண்டு வீடு மாறக் கூடாது என்பார்கள். வீடு ஒதுக்கிய கடிதம் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அந்த வாரம்தான் அலமாரியின் பின்பலகையில் ஒரு குளவி மண்கூடு கட்டியது. குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும், அதைக் கலைக்கக் கூடாது. அண்ணி அதை நம்பினாள்.

லாரியில் போனால் கூடு உதிர்ந்துவிடும். நான் ஆய்வகத்தில் வேலை செய்தவள். மெல்லிய கத்தியால் முழுதாகப் பெயர்த்து, புது வீட்டில் பசை தடவி ஒட்டிவிடலாம் என்று நினைத்தேன். கத்தி பாதி நுழைவதற்குள் கூடு கையில் நொறுங்கியது.

கூட்டுக்குள் மூன்று அறைகள். இரண்டில் புழுக்கள் நசுங்கிவிட்டன. மூன்றாவதில் ஒரு புழு உயிரோடு, சிலந்திகளுக்கு நடுவே. அந்தச் சிலந்திகளும் சாகவில்லை. புழுவுக்கு இரையாகக் குளவி கொட்டி முடக்கி வைத்தவை. தொட்டால் ஒரு கால் துடித்தது. எல்லாவற்றையும் சோதனைக் குழாயில் போட்டுப் பஞ்சால் அடைத்தேன்.

"கையில என்ன?" அண்ணி வாசலில் நின்றாள்.

சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை.

"தாய்க் குளவி தேடி வருமே?"

"வராது அண்ணி. முட்டை வச்சு மூடிட்டா அதோட போயிடும்."

"அப்ப நீதான் பாத்துக்கணும்."

புது வீட்டில் குழாய் அவள் தலைமாட்டில் இருந்தது. தினமும் காலையில் "சாப்பிட்டுச்சா?" என்று கேட்பாள். ஐந்தாம் நாள் புழு பழுப்பு உறை நெய்து அடங்கியது. இனி அசையாது, அதுதான் இயல்பு என்றேன். உள்ளே உயிர் இருக்கிறதா என்பது எனக்கே தெரியாது.

இரண்டு நாள் கழித்து அண்ணி மெதுவாகச் சொன்னாள்: "வயித்துல உள்ளதும் நேத்துலேருந்து அசையல."

டாக்சியில் கொண்டுபோக வேண்டியவற்றை எழுதினேன்: மருத்துவமனை அட்டை, துண்டு, கைலி.

மருத்துவமனையில் தமிழ்த் தாதி இதயத்துடிப்பு கேட்கும் குழலை வயிற்றில் வைத்துக் காதை அழுத்தினாள். நகர்த்தினாள். மறுபடி நகர்த்தினாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நாற்பது விநாடி. அன்று கூட்டில் கத்தி வைத்த கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டேன்.

"குதிரை மாதிரி ஓடுது. காலையில சாப்பிட்டியாம்மா?"

"இல்ல."

"அதான். பிள்ளையையும் பட்டினி போட்டா எப்படி உதைக்கும்? போய்ச் சாப்பிடு லா!"

வெளியே வந்ததும் அண்ணி என் கைப்பையைத் திறந்து பார்த்தாள். துண்டுக்குள் சுற்றியபடி குழாய் இருந்தது. பட்டியலில் எழுதாமலேயே அதை நான் எடுத்து வைத்திருந்தேன்.