உப்பே போடாத ஜெல்லில் உப்பு

கெட்டிப்பொடி விற்பவர்களுக்கு முதல் எதிரி போட்டிக் கம்பெனி இல்லை, சமையல் உப்பு. இந்தத் தொழிலில் அடிபட்ட சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா!

தொண்ணூறுகளின் கடைசியில், புனேயில் எனக்கு முதல் வேலை. தண்ணீரில் கரைந்து கெட்டியாகும் பாலிமர் பொடிதான் சரக்கு. ஆறு மாதத்தில் ஒரு வாடிக்கையாளரையாவது பிடிக்காவிட்டால் வேலை நிரந்தரமில்லை. ஐந்து மாதம் ஓடிப்போன பிறகு மாட்டினார் முருகேசன் அண்ணன். புனேயின் போபோடிப் பகுதியில் பாத்திரம் கழுவும் திரவம் தயாரிப்பவர்; புதிதாக முடி ஜெல் செய்ய ஆசைப்பட்டார்.

இரண்டு பிடி

அண்ணனின் தகரக் கொட்டகையில் முதல் சோதனை. வாளியில் பொடி கரைந்து கண்ணாடி மாதிரி நின்றது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை! டீ குடித்துவிட்டு வந்தால், வாளி நிறையத் திரிந்த பால். 'தண்ணியா இருக்கே' என்று, சரக்கு கலக்கும் செல்வி அக்கா இரண்டு பிடி உப்பு போட்டிருந்தார். பாத்திரத் திரவம் உப்பு போட்டால்தான் கெட்டியாகும். பத்து வருஷப் பழக்கம். எங்கள் பொடி அதற்கு நேர்மாறு. உப்பு தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்; தகரக் கொட்டகைச் சூடும் சேர்ந்தால் பொடி வெள்ளையாகப் பிரிந்துவிடும்.

முருகேசன் அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஜெல் கேட்டா பனீர் போட்டுக் குடுத்துட்டீங்களே மேடம்!"

கசம்

அடுத்த வாரம் உப்பு டப்பாவையே பூட்டி வைத்தோம். அப்படியும் மத்தியானம் வாளி வெளுத்தது. எனக்கு வந்ததே கோபம்! "மறுபடியும் போட்டீங்களா?" என்று செல்வி அக்காவிடம் கத்திவிட்டேன்.

"கசம் மேடம், எம் புள்ளைங்க மேல ஆணையா நான் கைய வைக்கல" என்றவர், விறுவிறுவென்று போய்க் குழாய்த் தண்ணீரைப் பிடித்து என்னிடம் நீட்டினார். வாயில் வைத்தேன். ஒரே கரிப்பு! போர் தண்ணீரின் கடினத்தைப் போக்கும் சாஃப்ட்னரை அவ்வப்போது உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். அன்று காலை கழுவியவர் முருகேசன் அண்ணன். நல்ல தண்ணீர் விட்டு அலச மறந்தவரும் அவரே. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

செல்வி அக்கா விடவில்லை. "சாம்பாருக்கு உப்பு பாக்கிற நாக்கு, வாளிக்கு வேணாமா மேடம்?"

இரண்டு மணி வெயில்

சாஃப்ட்னரை நன்றாக அலசிய பிறகு வந்த தண்ணீரில் மூன்றாவது வாளி. மணி பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. கொட்டகை கொதிக்கிறது, ஜெல் அசையவில்லை! அடியில் கிடந்த கரண்டி பளிச்சென்று தெரிந்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர்கூட ஓடி வந்தார். அண்ணன் அங்கேயே ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். நான் செல்வி அக்காவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

"வேல நிலைச்சிருச்சுல்ல? இனிமே மொதல்ல தண்ணிய சந்தேகப்படுங்க, அப்பறமா என்னை."

பொடி விற்கத்தான் என்னை எடுத்தார்கள். வேலையை நிரந்தரமாக்கியதென்னவோ செல்வி அக்காவின் நாக்கு.