பால்மா வாங்க வந்தவள்

மலை சரிந்து, தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவில் தொழிலாளர் குடியிருந்த லயத்தை மண் மூடிய பிறகு, தப்பியவர்களைப் பாடசாலையில் தங்கவைத்தார்கள். கந்தப்பளை பஜாரில் கடை வைத்திருக்கும் நாங்கள் சிலர் கோயில் மண்டபத்தில் சாமான் சேர்த்தோம். அரிசி, பருப்பு, கோதுமை மா, நெத்தலி, சவர்க்காரம். வேண்டியதை வந்து எடுத்துக்கொள்ளலாம். யாரையும் எதுவும் கேட்கக்கூடாது என்று எங்களுக்குள் பேசி வைத்திருந்தோம். காலையில் கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு நான் மண்டபத்தில் நிற்பேன்.

அவளை அங்கேதான் பார்த்தேன். சின்ன வயசு. யாரோ கொடுத்த ஆம்பளை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். அரிசிப் பக்கம் திரும்பாமல், "கைப்புள்ளைக்குப் பால்மா இருக்குங்களாக்கா?" என்றாள். கொடுத்தேன். அடுத்த வாரமும் வந்தாள்.

அவள் போனதும், பக்கத்துத் தோட்டத்திலிருந்து உதவிக்கு வந்திருந்த ஒரு அம்மா மெதுவாகச் சொன்னார்: "அந்தப் புள்ளையோட கொழந்தையும் புருஷனும் மண்ணுலயே போயிட்டாங்க. எழவுக்கு நான் போயிருந்தேன். பால்மா யாருக்குன்னு தெரியலைங்க."

இல்லாத பிள்ளைக்குப் பால் கரைக்கிறாளோ என்று பயந்தேன். மறுநாள் பாடசாலைக்குப் போனேன்.

வகுப்பறை மூலையில், மடியில் ஒரு ஆண் குழந்தையைப் போட்டுப் போத்தலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள். உட்காரச் சொன்னேன்.

"லயத்துல எங்க பக்கத்துக் காம்பரா வீட்டுப் புள்ளைக்கா. இவன் அம்மா போயிட்டாங்க. அப்பா கால் ஒடஞ்சு ஆஸ்பத்திரில இருக்காரு. எனக்கு அன்னைக்கே பால் வத்திருச்சுக்கா. இல்லாட்டி உங்ககிட்ட வந்து நின்னிருக்க மாட்டேன்."

அதன் பிறகு பால்மா வந்தால் முதலில் அவளுக்கு எடுத்து வைப்பேன். பிள்ளைக்குப் பல் முளைத்ததும் கஞ்சி காய்ச்சக் குரக்கன் மா கேட்டாள். அவளும் கொஞ்சம் சாப்பிடத் தொடங்கியிருந்தாள்.

பிள்ளையின் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து ஊன்றுகோலோடு வந்தார். பொல்பிட்டியவில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருந்தார். அவள் பிள்ளையைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, கையில் கொடுத்தாள். அந்த மனிதர் கும்பிட்டு அழுதார். அவர்மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது.

அன்று சாயங்காலம் மிச்சமிருந்த பாதிப் பால்மாப் பாக்கெட்டோடு மண்டபத்துக்கு வந்தாள்.

"வேற புள்ளைக்கு ஆகும். வச்சுக்கங்க."

பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். ஆறும்வரை கையிலேயே வைத்திருந்துவிட்டு, குடிக்காமல் வைத்தாள். பிறகு தானாகவே எழுந்து பருப்பை அளந்து பையில் போட ஆரம்பித்தாள். சாமான் வரத்து நின்று மண்டபத்தை மூடும்வரை தினமும் வந்தாள்.

லயத்துக்குப் பதிலாகத் தருவதாகச் சொன்ன புது வீடு இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை. அவள் இப்போது ஒரு மரக்கறித் தோட்டத்தில் நாள் கூலிக்குப் போகிறாள். அங்கே அவள் லீக்ஸ் தாளைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒருநாள் பார்த்தேன். பிள்ளையைப் போய்ப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"இல்லக்கா. போனா தூக்கிட்டு வந்துருவேன்," என்றாள். கட்டுக் கட்டும் கை நிற்கவில்லை.