தண்ணீர் மேல் போட்ட பழி

எங்கள் பக்கம் யாருக்கு மூட்டு வலித்தாலும், சிறுநீரகத்தில் கல் வந்தாலும், முதல் குற்றவாளி போர்வெல் தண்ணீர்தான். அப்பாவுக்கு இரண்டும் வந்தன. பாப்பிரெட்டிப்பட்டியில் கேட்ட இடமெல்லாம் ஒரே தீர்ப்பு: "தண்ணி ஆவலைங்க, கேன் தண்ணிக்கு மாறிக்குங்க." மாறினோம். அம்மா வாழைத்தண்டை அரைத்துச் சாறு கொடுத்தார். கல் விழும், மறுபடி வரும். அதே தண்ணீரைக் குடித்த அம்மாவுக்கும் எனக்கும் ஏன் வரவில்லை என்று யாருமே கேட்கவில்லை. வருடங்கள் போயின.

சேலத்தில் ஒரு மருத்துவர்தான் ரத்தத்தில் கால்சியம் பார்த்தார். கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால் பயறளவு இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகளில் ஒன்று வீங்கி, எலும்பின் சுண்ணாம்பை உருவி ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டிருந்தது.

எனக்கோ ஒரே பரபரப்பு. திரும்பும் பஸ்ஸிலேயே போனில் படித்துத் தள்ளினேன். "அத எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்ப்பா. டயாலிசிஸே வேணாம்!"

"ஆகட்டுங்க டாக்டரு," என்றார் அப்பா. "கழுத்த அறுத்து கிட்னிக்கு வைத்தியம் பாக்கறத இப்பத்தான் கேள்விப்படறேன்."

அறுவை நல்லபடியாக முடிந்தது. கால்சியம் சடசடவென்று இறங்கி விரல்கள் மரத்தன, மாத்திரையில் சரியானது. மூட்டு வலி குறைந்தது. கல் திரும்பவில்லை. சிறுநீரகம் எவ்வளவு கெட்டது என்று காட்டும் கிரியேட்டினின் மட்டும் இறங்கவே இல்லை.

ஒருநாள் மருத்துவர் அப்பாவின் கை எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். முன்னங்கை ரத்தக்குழாய் வெள்ளைக் கோடாக ஓடியது. சாதாரணமாக அது எக்ஸ்ரேயில் தெரியவே கூடாது.

"இனிமே படியறது குறையலாம். படிஞ்ச சுண்ணாம்பு கரையாதுங்க. கிட்னியும் அப்படித்தான், மிச்சத்தக் காப்பாத்தப் பாக்கலாம். நாளைக்கு டயாலிசிஸ்னு வந்தா இடது கை ரத்தக்குழாய் வேணும். அதுல ஊசி குத்த விடாதீங்க."

"கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா?" என்றார் அம்மா. மருத்துவர் எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டார். பதில் எனக்கும் தெரியும்.

அடுத்த பரிசோதனைக்கு ஊர் லேபுக்குப் போனோம். ரத்தம் எடுக்க வந்த பெண் அப்பாவின் இடது சட்டைக்கையை மடித்தாள். நான் வாய் திறப்பதற்குள் அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"இதுல வேணாம் கண்ணு. இது எனக்கு வேணும்."

வலது கையை நீட்டினார். ரிப்போர்ட்டுக்காக நான் வாசலில் நின்றேன். அவர் நிற்கவில்லை, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துவிட்டார்.