முந்நூறு தலைவாழை இலை

வாழை இலை வெட்டி விற்கிற தொழில் என்றால், வருஷம் முழுக்கக் காற்றோடு குடித்தனம் நடத்துகிற தொழில் என்று அர்த்தம்.

ஃபிளாட் பால்கனியில் நாலு சட்டி மிளகாய்ச் செடி வைத்து, அதை மாவுப்பூச்சிக்குப் பறிகொடுத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்கள் யாராவது இருந்தால் பக்கத்தில் வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி. நான் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, காப்பார் என்கிற ஊரில் ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, அறுநூறு வாழை வைத்தவள். பழத்துக்கு இல்லை, இலைக்கு. "உனக்கு என்ன கிறுக்கா?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது.

தோரணம்

பழம் வளர்க்கிறவனுக்கு இலை கிழிந்தால் கவலை இல்லை. எனக்கு அந்த இலைதான் சோறு. முதல் லோடை ஒரு கீறல் இல்லாமல் வெட்டி, எங்க வீட்டுக்காரருடைய திறந்த லோரியில் அழகாக அடுக்கி, மேலே ஒரே ஒரு கயிறு கட்டினோம். ஹைவேயில் பறந்தோம். தோட்டத்துக் காற்றுக்குப் பயந்த எனக்கு லோரி ஓடினாலும் காற்று அடிக்கும் என்று தோன்றவே இல்லை, பாருங்கள்!

பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிற பரிமளா அக்காதான் என் முதல் வாடிக்கை. கடை வாசலில் வந்து நின்று, மேலாக இருந்த இலையை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். அதன் வழியாக எதிர்க் கடை முழுசாகத் தெரிந்தது. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா வாசுகி, நான் இலைதானே கேட்டேன், நீ தோரணம் கொண்டாந்திருக்கே லா!"

சுருட்டு

ஈரக் கோணியில் சுற்றி ஏற்றப் பழகினோம். உடனே புழு வந்தது. இந்தப் புழு இலையின் ஓரத்தைக் கத்தரித்ததுபோல வெட்டி, சுருட்டி, உள்ளே வீடு கட்டிக்கொள்கிறது. முதல் சுருட்டைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளை மாவு பூசிக்கொண்டு ஐயா சொகுசாகப் படுத்திருக்கிறார். அந்த வெட்டும் மடிப்பும்! தையற்காரரே தோற்றுப்போவார். திட்ட வாயெடுத்தவள் முதலில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ரசித்தேன். அப்புறம் திட்டினேன்.

மருந்து அடிக்க மனசு வரவில்லை, ஜனங்கள் சோறு போட்டுச் சாப்பிடுகிற இலை. காலையில் சுருட்டு சுருட்டாகக் கிள்ளி டின்னில் போட்டு, மாக்சிக் என்று நாங்கள் கூப்பிடுகிற பக்கத்து வீட்டு மலாய் அத்தையின் கோழிகளுக்குக் கொட்டினேன். இரண்டு மாதத்தில் டின் சத்தம் கேட்டாலே கோழிப்படை ஓடிவரும். ஒருநாள் மாக்சிக் ஒரு கோழியைத் தூக்க முடியாமல் தூக்கிக் காட்டி, அது கொழுத்துப் போன கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

"ஆயாம் சாயா டா கெமோக் லா, வாசுகி!"

திங்கட்கிழமை

பரிமளா அக்கா மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பந்திக்கு முந்நூறு தலைவாழை இலை வேண்டும், நுனி கெடக்கூடாது, கீறல் கூடாது. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்த வாரத் திங்கட்கிழமை மத்தியானம் வானம் கறுத்தது. அரை மணி நேரம்தான் காற்று அடித்தது. வெளியே வந்து பார்த்தால் அறுநூறு வாழையிலும் ஒரு முழு இலை இல்லை, எல்லாம் நார் நாராகத் தொங்குகிறது. பந்திங் ஊரில் இலைத்தோட்டம் வைத்திருக்கிறவருக்குப் போன் அடித்தேன், அங்கேயும் அதே கதி. வெட்கமில்லாமல் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு வாழை நடுவிலும் குருத்து நிற்கிறது. இறுகச் சுருட்டிய பாய் மாதிரி, ஈரம் சொட்டச் சொட்ட, நேராக! விரிந்த இலையையெல்லாம் கிழித்துப் போட்ட காற்றுக்கு, சுருண்டு நின்றதைப் பிடிக்க இடமே கிடைக்கவில்லை. தினமும் இதைத் தாண்டித்தானே போய்வந்தேன்? உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கை தானாகக் கும்பிட்டது.

அக்காவுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். ஆறு நாளில் எத்தனை குருத்து விரியும் என்று எனக்கே தெரியாது, எதற்கும் கடையில் விற்கிற பேப்பர் இலையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அக்கா பட்டென்று சொன்னார்.

"பேப்பர் இலையில என் பொண்ணு கல்யாணமா? நீ குருத்தைப் பாரு, நான் சாமியைப் பார்க்கிறேன்."

நர்ஸம்மா

செவ்வாய்க்கிழமை ஒரு குருத்துக்குப் பக்கத்தில் குச்சி நட்டு, அதன் நுனி இருக்கிற உயரத்தில் சிவப்பு நூல் கட்டி வைத்தேன். மறுநாள் காலையில் நுனி நூலுக்கு மேலே ஒரு சாண் போயிருந்தது. நான் தூக்கம் வராமல் புரண்ட நேரத்தில், முந்தாநாள் அடிவாங்கிய மரம் அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

ஆனால் பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். வியாழக்கிழமை, கொஞ்சம் உதவி செய்தால் சீக்கிரம் விரியுமே என்று குருத்துகளைக் கையால் பிரிக்க ஆரம்பித்தேன். உள்ளே இலை வெளுப்பாக, குழந்தைத் தோல் மாதிரி இருந்தது. பிரிக்கப் பிரிக்கக் கிழிந்தது. ஐந்தைப் பாழாக்கிவிட்டு ஆறாவதில் கை வைத்தபோது எங்க வீட்டுக்காரர் வரப்பில் நின்று குரல் கொடுத்தார்.

"பிரசவம் தானா நடக்கும், நர்ஸம்மா கொஞ்சம் வெளிய நில்லுங்க!"

பந்தி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடியும் மேகம் கட்டியது. தோட்டத்து நடுவில் போய் நின்றுகொண்டேன், நான் நின்றால் காற்று பயந்துவிடும் என்கிற மாதிரி. மழை மட்டும் நேராக இறங்கி, நனைத்துவிட்டுப் போனது.

ஞாயிறு விடியும்போது உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பழைய கந்தல்களுக்கு மேலே, ஏறக்குறையப் பாதித் தோட்டத்தில், வாழைக்கு ஒன்றாக, இளம்பச்சையில் புது இலைகள் விரிந்து கிடந்தன. மீதிக் குருத்து இன்னும் பாதி மடிப்பில் இருந்தது. வெளிச்சம் அந்த இலைகளுக்குள் புகுந்து வந்தது. நான் கட்டியதும் இல்லை, தைத்ததும் இல்லை. ஆறே நாளில் இத்தனையும் தானாக வந்திருக்கிறது. அரிவாளை நீட்டவே கை கூசியது. தேறியது இருநூற்று எண்பத்து மூன்று.

மண்டபத்தில் பட்டுப்புடவையில் நின்ற அக்காவிடம், பதினேழு குறைகிறது என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். இருக்கிற கிழிசலில் நல்லதாகப் பார்த்துப் பதினேழும் கொண்டுவந்திருந்தேன். அக்கா அதை வாங்கித் தனியாக வைக்கச் சொன்னார். வந்தவர்கள் எல்லோரும் புது இலையில் சாப்பிட்டு எழுந்தார்கள். கடைசிப் பந்தியில் அக்கா தன் வீட்டு ஆட்களை வரிசையாக உட்காரவைத்து, என்னையும் இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் கிழிந்த இலைகளைப் போடச் சொன்னார். ரசம் ஊற்றினார்கள். கிழிசல் வழியாக மேசையில் ஓடி அக்காவின் பட்டில் சொட்டியது. நான் பதறிப்போய்த் துடைக்கத் துணி தேடினேன். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"சும்மா இரு லா வாசுகி, வந்தவங்க மடியில ஒரு சொட்டு சிந்தலையே, என் மடியில சிந்தினா சிந்தட்டும்."

இந்தத் தொழிலில் நான் சம்பாதித்தது என்ன என்று கேட்டால், வானத்தைப் பார்த்துப் பார்த்து வந்த கழுத்து வலியும், குருத்தைக் கண்ட இடத்திலெல்லாம் கும்பிடுகிற பழக்கமும்தான்.