திரையில் நான் வரைந்த விளக்கு

நெல்லிக்காய் அளவுகூட இல்லாத ஒரு வட்டம் அது. திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையோரத் தொழிற்சாலை ஒன்றில், 1991ஆம் ஆண்டு, மின்மோட்டார்களைச் சோதிக்கும் மேசையின் கணினித் திரையில் அதை வரைந்தேன். கட்டங்களைக் கோடுகளால் இணைத்தே நிரல் அமைக்கும் முறை அப்போது எனக்குப் புதிது. அதில் கிடைக்கும் பொத்தான்களும் விளக்குகளும் ஒரே அச்சில் வார்த்தவை போலச் சாம்பல் நிறத்தில் இருக்கும். வேண்டுமென்றால் ஒரு விளக்கைத் தனிச் சாளரத்தில் திறந்து, விளிம்பையும் முகத்தையும் பிரித்தெடுத்து, விரும்பிய வடிவமும் வண்ணமும் தரலாம். அந்த வேலையில் மூன்று நாள் மூழ்கிக் கிடந்தேன். கண்ணாடிக் குமிழில் வெளிச்சம் படுவதுபோல ஓரத்தில் ஒரு வெண்புள்ளிகூட வைத்தேன். மின்சாரம் பாயும்போது பச்சை, நின்றதும் சிவப்பு என்று வண்ணம் தீட்டினேன்.

அந்த மேசையின் ஒரே ஆபரேட்டர் தண்டலத்திலிருந்து வரும் பெண்மணி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பட்டறை முழுவதற்கும் அவர் அக்கா. மோட்டாரின் கம்பிச்சுருளில் உயர் மின்னழுத்தத்தைச் செலுத்தி, அது வெளிக்கூட்டுக்குக் கசிகிறதா என்று பார்ப்பது அவர் பணி. அச்சோதனையில் மோட்டார் சுழலாது, ஓசையும் எழாது. மின்சாரம் இருப்பதை விளக்கு ஒன்றே அறிவிக்கும். இந்தத் திரைக்காக நாங்கள் அகற்றிய பழைய இரும்புப் பேனலில், மின்சாரம் இருந்தால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. பட்டறையின் மற்ற பேனல்கள் யாவும் அவ்வாறே இருந்தன. சிவப்பு எரிந்தால் தொடக்கூடாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அதை நான் பழைய பட்டறைப் பழக்கம் என்று தள்ளியிருந்தேன்.

முதல் நாளே அவர் கேட்டார்: “இன்னா சார், செவப்பையும் பச்சையையும் மாத்திப் போட்டுக்கிறீங்க?”

“ரோட்டுல பச்சை வந்தாத்தானேம்மா வண்டி போவுது? அதே மாதிரிதான். பழகிடும்.”

“நான் பழகிடுவேன் சார். கை பழகணுமே.”

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு பிற்பகலில், சரக்கு லாரி வாயிலில் காத்திருந்த அவசரத்தில், திரையில் பச்சையைக் கண்ட அவர் சோதனை முடிந்ததென்று எண்ணி, மோட்டாரில் மாட்டியிருந்த மின்கம்பியின் கிளிப்பைக் கழற்றக் கை நீட்டினார். பாதுகாப்புச் சுற்று உடனே மின்சாரத்தைத் துண்டித்ததால் உயிர் தப்பினார். வலக்கையின் இரு விரல்கள் வெந்துபோயின.

அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற பின் நான் திரையின் முன் அமர்ந்தேன். இன்னொருவர் கை அங்கே போய்விடக்கூடாது என்ற நினைப்பு ஒன்றுதான் இருந்தது. விளக்கைத் திறந்து இரு வண்ணங்களையும் இடம் மாற்றிச் சேமித்தேன். இரண்டு நிமிட வேலை. செய்ததை யாரிடமும் சொல்லவில்லை. அதை ஒளித்தேன் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து, விரல்களில் கட்டோடு வந்த அவரை அந்த மேசையருகே நிறுத்திவைத்து மேலாளர் விசாரித்தார். கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் வேலை போய்விடும். “பச்சை எரிஞ்சுது சார். அதைப் பாத்துதான் கைய வச்சேன்,” என்றார் அக்கா. மேலாளர் சோதனையைத் தொடங்கச் சொன்னார். திரையில் சிவப்பு எரிந்தது.

“அக்காவுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா,” என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அக்கா திரையருகே குனிந்து அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மேலாளர் பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார். அவர் ஒரு வரி எழுதி முடிக்கும் வரை நான் வாய் திறக்கவில்லை.

பிறகுதான், “பச்சைதான் எரிஞ்சுது சார். அன்னைக்குச் சாயந்தரம் நான்தான் மாத்தினேன்,” என்றேன். மேலாளர் அந்த வரியை அடித்தார். அக்காவின் வேலை நிலைத்தது. எனக்குக் கண்டனக் கடிதம் வந்தது.

மாலையில் பேருந்து நிறுத்தத்தில் மன்னிப்புக் கேட்டேன். “சொல்லிட்டீங்களே சார், வுடுங்க,” என்றார். பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, “அந்தச் செவப்பப் பாத்ததும், நாமதான் தப்பாப் பாத்துட்டோம்போலன்னு எனக்கே தோணிப்போச்சு. வீட்டுக்காரர் கிட்ட இன்னா சொல்றதுன்னு யோசிச்சிக்கினு இருந்தேன்,” என்றார்.

இன்று அந்தச் சாலையின் இருமருங்கிலும் ஆலைகள். ஒவ்வொன்றிலும் நூறு திரைகள். விளக்குகளின் வண்ணங்களை மாற்ற இப்போது இரண்டு நிமிடம்கூட வேண்டியதில்லை. அக்காவின் விரல்கள் இரண்டு மாதத்தில் ஆறின. மேலாளர் அந்த ஒரு வரியை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் தம் கண்களையே நம்பாமல் அக்கா நின்றார்; பக்கத்தில், உண்மை தெரிந்த ஒரே ஆளாக நான் நின்றேன்.